பிள்ளைக்குக் கால் சுளுக்கினால் உடனே உருவ வேண்டாம்

தோட்ட லய வீட்டுப் படியிலோ தேயிலை மலையின் குறுக்குப்பாதையிலோ பாதம் உள்பக்கமாக மடிந்தால், பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார்தான் இழுபடும். ஆனால் வளரும் பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட எலும்பின் நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு (எலும்பு வளரும் இடம்) பலவீனமானது. அதனால் சுளுக்குப்போலத் தெரிவது எலும்பில் பட்ட அடியாகவும் இருக்கலாம். கணுக்கால் மொளியின் எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எண்ணெய் போட்டு உருவாமல், எக்ஸ்ரே உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் சூடு ஒத்தடமும் உருவுதலும் வீக்கத்தைக் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கொரு தடவை வையுங்கள். ஐஸ் இல்லையா, நுவரெலியாப் பக்கத்து மலையூற்றுப் பீலியின் குளிர்ந்த தண்ணியில் நனைத்த துணியே போதும். கிரேப் பேண்டேஜை விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றுங்கள். விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ கழற்றித் தளர்த்துங்கள்.

வலி தணிந்ததும், பாதத்தால் காற்றில் அ, ஆ எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் விளையாட்டாகவே செய்வார்கள். பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலை 10 தடவை உயர்த்தி இறக்குதல், அடுத்து அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி நிற்றல். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் பயிற்சியைத்தான். சமநிலை திரும்பாவிட்டால் அதே கால் மறுபடி மடங்கும்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். அந்தக் காலால் மட்டும் வலியின்றித் தத்தித் தாவ முடியும்வரை எல்லேயும் (மட்டையால் பந்தை அடித்து ஓடும் ஆட்டம்) கிரிக்கெட்டும் வேண்டாம்.