ஏ-9 வீதியில் 70 என்று போட்டிருந்தால்

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து நேரே யாழ்ப்பாணம் போக நினைப்பவர்கள் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்கும் முதற் கேள்வி, எத்தனை மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம் என்பதாகவே இருக்கிறது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் என்று சொன்னதும், ரொறன்ரோவிலோ பாரிசிலோ வாகனம் ஓட்டிப் பழகியவர் மனத்துக்குள் நாலு மணித்தியாலம் என்று கணக்கை முடித்துவிடுகிறார். ஊரில் அந்தக் கணக்குச் செல்லாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நிறுத்துவதையும் சேர்த்தால், பகற் பயணத்துக்கு எட்டு மணித்தியாலம் வைத்துக்கொள்வதே சரி.

இலங்கையில் கார், வான் போன்றவற்றுக்கு வீடுகளும் கடைகளும் நெருங்கிய இடங்களில் மணிக்கு 50 கிலோமீற்றரும், அதற்கு வெளியே 70 கிலோமீற்றரும் உச்ச வேகமாகும். முச்சக்கர வண்டிக்கு 40தான். அதிவேக நெடுஞ்சாலைகளில் 100 வரை போகலாம். ஆனால் 2011இல் திறக்கப்பட்ட தெற்கு நெடுஞ்சாலையும் 2013இல் திறக்கப்பட்ட கட்டுநாயக்கா நெடுஞ்சாலையும் வடக்கே போகின்றவருக்கு உதவுவதில்லை. மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான மத்திய நெடுஞ்சாலைத் துண்டு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமே. ஆகவே நமது பயணம் முழுவதும் 70, 50 என்ற இரண்டு எண்களுக்குள்ளேயே நடக்கிறது. பிரித்தானியாவிலிருந்து வருபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மோட்டார்வேயில் 70 என்பது மைல் கணக்கு, அதாவது 112 கிலோமீற்றருக்கும் சற்று மேல். வவுனியா தாண்டி யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில் 70 என்பது வெறும் 43 மைல்.

இனி, உண்மையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறார்கள் என்பதற்கு வருவோம். சாரதிக்குப் பக்கத்து இருக்கையில் அமர்ந்து வேகம் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே பலமுறை போய் வந்தவன் என்ற வகையில் சொல்கிறேன்: புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வரையும், வவுனியா தாண்டி ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று நீளும் நேர் வீதியிலும், வான்கள் 80க்கும் 90க்கும் இடையில் ஓடுவது சாதாரணம், நல்ல வாகனமும் அவசரமும் சேர்ந்தால் 100ஐத் தொடும். இரவுப் பேருந்துகள் அதற்கும் மேலே போவதை, அவை நம்மை முந்திச் செல்லும்போது நமது வானே ஒருமுறை குலுங்குவதிலிருந்து அறியலாம். ஆனால் அந்த வேகம் கைக்கு எட்டுவது சில இடங்களில் மட்டுமே. சிலாபத்திலும் அநுராதபுரத்திலும் கிளிநொச்சியிலும் பாடசாலை விடும் நேரத்தில் அகப்பட்டால் 20இல் ஊர்ந்துதான் ஆகவேண்டும். அதனாற்றான் 100இல் ஓடியவரின் சராசரியும் 50ஐ ஒட்டியே நிற்கிறது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏறத்தாழ 80 கிலோமீற்றர். அந்தத் தூரம் முழுவதையும் 70இல் ஓடாமல் 100இல் ஓடினாற்கூட மிச்சமாவது ஏறக்குறைய 20 நிமிடம். அதை ஒரு தேநீர்க் கடையில் தொலைத்துவிடுகிறோம்.

பொலிஸார் வேகமானியோடு நிற்பது பெரும்பாலும் 70 முடிந்து 50 தொடங்கும் ஊர் வாசலில், ஒரு மரநிழலில்தான். எதிரே வரும் வாகனங்கள் காரணமில்லாமல் விளக்கை மினுக்கினால், முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று பொருள். சாரதி உடனே 50க்கு இறங்குவார், ஒரு கிலோமீற்றர் தாண்டியதும் மீண்டும் ஏறுவார். பிடிபட்டால் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டப் பத்திரம் தருவார்கள். தண்டப் பணத்தைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால்தான் அது திரும்பக் கிடைக்கும். நாட்கூலிக்கு ஓடும் ஒரு சாரதிக்கு அந்த அலைச்சல் தண்டத்தைவிடப் பெரிது. “கெதியாப் போங்கோ தம்பி” என்று பின்னாலிருந்து சொல்பவர்கள் அந்தச் செலவையும் தாமே ஏற்க ஆயத்தமாக இருக்க வேண்டும். பொலிஸாரிடம் காசை நீட்டிச் சமாளிக்கும் எண்ணமே வேண்டாம். கொடுப்பவருக்கும் அது குற்றம்.

விளக்கு மினுக்குவதற்கு இன்னொரு பொருளும் உண்டு. இலண்டனில் எதிரே வருபவர் மினுக்கினால் “நீங்கள் போங்கள்” என்று வழிவிடுகிறார். இங்கே அதே மினுக்கல் “நான் வருகிறேன், நீ நில்” என்பதாகும். வாடகைக் கார் எடுத்துத் தாமே ஓடுகின்றவர்கள் இதை மாறிப் புரிந்துகொண்டால், முந்திக்கொண்டு தம் பக்கத்துக்கே வரும் பேருந்தின் முன்னால் போய் நிற்பார்கள். அத்தகைய வேளையில் சரி பிழை பார்க்காமல் இடப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டியதுதான்.

வெளிநாட்டு நெடுஞ்சாலையில் எல்லா வாகனங்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடுகின்றன. ஏ-9இலோ 90இல் வரும் வானுக்கு முன்னால், பின்விளக்கே இல்லாத லாண்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவு இயந்திரம் ஒன்று நெல் மூட்டையோடு 15இல் போய்க்கொண்டிருக்கும். அதை விலத்தும்போது விளக்கில்லாத சைக்கிள் ஒன்று எதிர்ப்படும். வன்னியில் இரவில் மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும், கறுப்பு மாடு கடைசி நொடிவரை தெரியாது. 2014இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதத்தின் பாதை, இந்த வீதிக்குப் பக்கமாகவே பெருந்தூரம் வருகிறது. கிளை வீதிகளில் திரும்பும்போது காவலாளி இல்லாத கடவைகள் வரும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது சாரதியின் நித்திரையைப் பற்றித்தான். நமது விமானங்கள் பல நள்ளிரவிலோ அதிகாலையிலோ வந்திறங்குகின்றன. நம்மை ஏற்ற வரும் வான் அன்று பகல் முழுதும் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்திருக்கும். வந்த கையோடு திரும்பவும் வேண்டும். ஒருமுறை மதவாச்சிக்கு அப்பால் விடியற்காலையில் எங்கள் வான் மெல்ல மெல்ல வலப்பக்கம் சாய்வதைக் கண்டு, நான் சாரதியின் தோளைத் தட்டினேன்; அவர் 36 மணித்தியாலமாகத் தூங்கவில்லை என்பதைப் பிறகுதான் சொன்னார். அன்றிலிருந்து வான் பேசும்போதே, முதல் நாளே வந்து நீர்கொழும்பில் படுத்தெழும்புங்கோ, அறைக் காசு என்னுடையது என்று சொல்லிவிடுகிறேன். பயணக் கூலியோடு பார்த்தால் அது பெரிய தொகை அல்ல.

தாமே ஓட விரும்புவோர், தம் நாட்டு அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது என்பதையும், உள்ளூரில் செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிரிக்கக்கூடும் என்பதையும் முன்பே அறிந்திருக்க வேண்டும். உறவினரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கி ஓடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

கிளிநொச்சிக்குச் சற்று முன்னே வரும் முறிகண்டியில் எந்தச் சாரதியும் நிறுத்துவார். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால் நீட்டி நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தை அவசரப்படுத்த வேண்டாம். அங்கிருந்து யாழ்ப்பாணம் ஒன்றரை மணித்தியாலம். ஆனையிறவு கடந்தபின் வீதியில் எதிர்பாராத தடங்கல் குறைவு. அம்மாவுக்கு அழைத்துச் சோற்றை அடுப்பில் வைக்கச் சொல்ல வேண்டியது முறிகண்டியிலிருந்துதான், கட்டுநாயக்காவிலிருந்து அல்ல.