சவுண்ட் இன்ஜினியர் ஆக கோர்ஸ் வேண்டுமா? சேரும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் பிளஸ் டூ முடித்து, ஒலித்துறைக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: கோர்ஸ் படிக்கலாமா, நேரே வேலைக்குப் போய்விடலாமா? படித்தால் உதவும் என்பதே என் உறுதியான கருத்து. ஆனால் எதற்கு உதவும் என்று தெரியாமல் சேர்ந்தால் பணமும் போகும், வயதும் போகும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: எந்த வேலை என்று முடிவு செய்யாமலே அட்மிஷன் போட்டுவிடுகிறார்கள். மேடைக் கச்சேரிக்கு மிக்ஸிங் (பல மைக், கருவிகளின் ஒலியை அளவாகக் கலப்பது) செய்வது வேறு, ஸ்டுடியோவில் பாட்டுப் பதிவது வேறு, ஷூட்டிங்கில் பூம் மைக் (நீண்ட கம்பில் பூட்டிய மைக்) பிடித்து வசனம் பதிவது வேறு, படம் முடிந்தபின் செய்யும் ஃபைனல் மிக்ஸ் வேறு. சினிமா பக்கம் போக நினைப்பவருக்குப் படிப்பு அதிகம் கை கொடுக்கும். 2009-இல் ஆஸ்கர் வாங்கிய ஒலிக் கலைஞர் ரசூல் பூக்குட்டி புனே திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அங்கே சேர முதலில் ஒரு பட்டம் வேண்டும். தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்தே ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பில் சேரலாம். அதை விசாரிக்காமலே தனியார் நிறுவனத்துக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கும் குடும்பங்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. சேர்க்கைக்கு இயற்பியல் கேட்கிறார்களா என்பதை, பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, ஊர் சவுண்ட் சர்வீஸைக் கேவலமாக நினைப்பது. வீராம்பட்டினம் ஆடித் தேர், மாசி மகம், வில்லியனூர் மாதா திருவிழா, முகூர்த்த நாள் மண்டபங்கள் என்று நம் பக்கத்தில் வேலைக்குக் குறைவில்லை. கேபிள் முறுக்காமல் சுற்றுவது, மைக் கூவினால் மிக்ஸரில் எந்த ஃபேடரை (ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபிடியை) இறக்குவது, நிகழ்ச்சி நடக்கும்போதே பழுது கண்டுபிடிப்பது, கோபமாக வரும் விழாக் கமிட்டிக்காரரிடம் பொறுமையாகப் பேசுவது எல்லாம் அங்கேதான் கை வரும். எந்த வகுப்பறையும் இதைத் தராது. கோர்ஸுக்கு முன் ஒரு சீசனாவது ஒரு சவுண்ட் சர்வீஸ் செட்டோடு போய் வாருங்கள்.

ஆனால் அங்கேயே நின்றுவிடுவதும் தவறு. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்தால் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஹம் போய்விடும், அதனால் சரி என்று தோன்றும். அப்புறம் கருவியில் மின்கசிவு வந்தால் மைக்கின் உலோக உடம்பிலேயே கரண்ட் இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பாடகரின் உயிருக்கே ஆபத்து. அந்த ஹம், பெரும்பாலும் மேடையும் மிக்ஸரும் வேறு வேறு இடத்தில் எர்த் ஆவதால் வரும் கோளாறு. இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுப்பது, அல்லது ஒலி சிக்னல் போகும் வழியில் எர்த் தொடர்பைப் பிரித்துவிடும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மரோ டி.ஐ. பாக்ஸோ போடுவதுதான் வழி.

கடலூர் சில்வர் பீச் மாதிரித் திறந்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தின் பின்பகுதிக்காக 35 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி பாக்ஸ் வைத்தால் பேச்சு இரட்டிப்பாகக் கேட்கும். ஒலி நம் ஊர் வெப்பத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும் என்பதால், முன் பாக்ஸ் ஒலி அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஈடாக, பின் பாக்ஸுக்குச் சுமார் 100 மில்லி விநாடி டிலே (தாமதம்) கொடுக்க வேண்டும். இது தெரியாதவர் வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார், பேச்சு இன்னும் குழம்பும். இப்படி ‘ஏன்’ என்று கேட்டு விடை காணும் பழக்கத்தைத்தான் நல்ல பயிற்சி தருகிறது. கூடவே, நம் மிக்ஸைக் கேட்டுத் தவறைச் சுட்டிக்காட்டும் இன்னொரு தேர்ந்த காதும் கிடைக்கும்.

கோர்ஸ் பணத்தில் கருவி வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் அறைச் சுவரில் முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோ தொடங்குகிறார்கள். அந்த அட்டை வெளிச் சத்தத்தையும் தடுக்காது, பேஸையும் (தாழ்ந்த, அதிரும் ஒலியையும்) அடக்காது. மென்பொருள் பட்டன்களை மட்டும் கற்பதும் அப்படித்தான்.

சான்றிதழ் வேலை வாங்கித் தரும் என்றும் நம்பிவிடாதீர்கள். அரசுப் பணிக்கும் கல்லூரியில் பாடம் நடத்தவும் அது வேண்டும். ஸ்டுடியோவில் முதலில் கேட்பது நீங்கள் செய்த வேலையைத்தான். அதனால் நிறுவனத்தை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு கன்சோலுக்கு (பெரிய மிக்ஸருக்கு) எத்தனை மாணவர்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாகத் தருவார்கள், பாடம் எடுப்பவர் இன்னும் தொழிலில் இருக்கிறாரா என்று கேளுங்கள். போன வருட மாணவர் செய்த மிக்ஸைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்பி வந்துவிடலாம்.

காதை விட்டுவிடாதீர்கள். 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். செட்டுக்குப் போகும் முதல் நாளிலிருந்தே இயர் பிளக் போடுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓர் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனையின் வரைபடம்) எடுத்து வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் கேட்கும் திறன் குறைகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.