சளி, ஃப்ளூ, கொரோனாவுக்கு வீட்டிலேயே ஒளி சிகிச்சையா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்குத் துளையில் செருகும் சிவப்பு விளக்கு, தொண்டைக்குள் காட்டும் நீல விளக்கு, நெஞ்சில் கட்டிக்கொள்ளும் அகச்சிவப்புப் பட்டை, கையில் பிடிக்கும் புற ஊதா விளக்கு என்று பல கருவிகள் இன்று "ஒளி சிகிச்சை" என்ற ஒரே பெயரில் விற்பனைக்கு வருகின்றன. சுவாசத் தொற்று வந்ததும் இவற்றில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, குணமாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். காத்திருக்கும் அந்த நாட்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

எல்லா ஒளியும் ஒன்றுதான் என்று நினைப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. கிருமியைக் கொல்வது 254 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய யூவி-சி எனும் புற ஊதாக் கதிர். அது வைரஸின் மரபணுப் பொருளைச் சிதைக்கிறது. ஆனால் வைரஸ் எது, நம் உடலின் செல் எது என்று அதற்குத் தெரியாது, இரண்டையும் சேர்த்தே சிதைக்கும். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் வேறு வகை. அவை வைரஸைக் கொல்வதில்லை. செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி அழற்சியைக் குறைக்கலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் அவற்றை ஆராய்கிறார்கள். ஆக, வைரஸை அழிக்கும் கதிரை உடம்பில் காட்டக் கூடாது. உடம்பில் காட்டத்தக்க சிவப்பு ஒளியோ வைரஸை அழிக்காது. எந்தக் கருவியின் விளம்பரத்தைப் பார்த்தாலும் முதலில் இதை நினைவில் வைத்துப் பாருங்கள்.

"மருத்துவமனையிலேயே ஒளி சிகிச்சை தருகிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். மஞ்சள் காமாலை வந்த பச்சிளங்குழந்தையை நீல ஒளியில் வைப்பது உண்மையான, பலன் தரும் சிகிச்சை. தோலில் பரவிய காசநோய்க்கு ஒளியைப் பயன்படுத்திய நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903-ல் மருத்துவ நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் இரண்டிலும் ஒளி போய்ச் சேர வேண்டிய இடம் தோல். சுவாச வைரஸ் இருப்பதோ மூக்கிலிருந்து நுரையீரல் வரை உள்ள உட்பரப்பின் செல்களுக்குள். நெஞ்சின் மேல் கட்டிய பட்டையிலிருந்து புறப்படும் ஒளி தோல், கொழுப்பு, தசை, விலா எலும்பு எல்லாவற்றையும் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். வழியிலேயே அதன் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டும் சிதறியும் போய்விடுகிறது.

அடுத்த தவறு உடனடியாகவே காயப்படுத்தும்: யூவி-சி விளக்கை முகத்திலும் கையிலும் காட்டுவது, வாயைத் திறந்து தொண்டைக்குள் பாய்ச்சுவது. கையையோ தோலின் மற்ற பகுதிகளையோ கிருமிநீக்கம் செய்யப் புற ஊதா விளக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டில் கிருமிநீக்க விளக்கை எரியவிட்டு அதே அறையில் இருந்தவர்களுக்குக் கண்ணின் கருவிழி வெந்துபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அந்த நேரத்தில் வலி எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல உறுத்தும், நீர் வடியும், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. சில வகை விளக்குகள் ஓசோன் வாயுவையும் வெளியிடும். ஏற்கெனவே இருமிக்கொண்டிருப்பவருக்கும், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவருக்கும், அது மூச்சுக்குழாயை மேலும் எரிச்சலாக்கும்.

யூவி-சி-க்கு உரிய இடம் காற்றுதான். 1941-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா பகுதியில் தட்டம்மை பரவியபோது, வகுப்பறையின் மேல்பகுதிக் காற்றில் மட்டும் கதிர் படும்படி விளக்கு பொருத்தியிருந்த பள்ளிகளில் தொற்று குறைவாக இருந்ததை வில்லியம் வெல்ஸ் என்ற ஆய்வாளர் பதிவு செய்தார். அங்கே குழந்தைகள் மேல் கதிர் நேராகப் படவில்லை.

சரி, சிவப்பு விளக்கில் அவ்வளவு ஆபத்து இல்லையே, போட்டுப் பார்த்தால் என்ன? இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. பத்து நிமிடம் நல்லது என்றால் ஒரு மணி நேரம் இன்னும் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த வகை ஒளியில் அளவு கூடினால் பலன் குறையலாம் என்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. சூடு தரும் அகச்சிவப்பு விளக்கு தோலைச் சுட்டுவிடவும் கூடும். நீரிழிவால் கால், கை உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சுடுவதே தெரியாது. டாக்ஸிசைக்ளின் போன்ற சில மருந்துகள் தோலைப் புற ஊதா ஒளிக்குக் கூச்சமுள்ளதாக்கும், அதையும் மறந்துவிடக் கூடாது.

அப்புறம், "மூன்றாம் நாள் ஆரம்பித்தேன், ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது" என்ற அனுபவக் கதைகள். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சாதாரண சளி 7 முதல் 10 நாட்களில் தானாகவே அடங்கிவிடும். விளக்கே இல்லாமல் இருந்திருந்தாலும் அதே வாரத்தில்தான் சரியாகியிருக்கும். விளக்கு போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். கருவி "பதிவு செய்யப்பட்டது" என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் அது பலனுக்குச் சான்று ஆகாது. மூட்டு வலிக்கு அனுமதி பெற்ற கருவி வைரஸுக்கும் அனுமதி பெற்றதாக ஆகிவிடாது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு நேரத்தை இழப்பது. ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிர் மருந்து அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கொரோனாவுக்கான நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் மாத்திரையை 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும். முதியவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு, இதயநோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு இந்த நாட்கள் மிக முக்கியம். விளக்கை நம்பி நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்தால் அந்த வாய்ப்பே கைநழுவிவிடும்.

வீட்டில் ஒளியால் இயங்கும் ஒரு கருவி வேண்டும் என்றால் பல்ஸ் ஆக்சிமீட்டரை வாங்குங்கள். அதுவும் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியில்தான் வேலை செய்கிறது. குணப்படுத்தாது, ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் காட்டிக்கொடுக்கும். நகப்பூச்சை அழித்துவிட்டு, கையைச் சூடாக வைத்து, அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மருத்துவரிடம் பேசுங்கள். 90-க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கருநிறத் தோலில் சில நேரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் எண் சரியாக இருந்தாலும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாவது, குழப்பம், குழந்தைக்கு மூச்சு வாங்கும்போது விலா உள்ளே இழுப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள்.

ஏற்கெனவே சிவப்பு விளக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் மருத்துவர் சொன்ன மருந்தை அதற்காக நிறுத்த வேண்டாம். கண்ணுக்கு நேராகக் காட்டாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள். மூக்கில் செருகும் முனையை ஒருவர் பயன்படுத்திவிட்டு இன்னொருவருக்குத் தரவே கூடாது. சளி ஒட்டிய அந்த முனை வழியாகவே வைரஸ் வீட்டில் அடுத்தவருக்குப் போய்விடும்.