விபத்துக்கு முன்பே பார்ப்பது எப்படி? சிறிய பட்டறைகளுக்கான வாராந்தரச் சோதனை

நான்கு லேத், தகட்டை அழுத்தி வெட்டும் மூன்று பவர் பிரஸ், இரும்பைத் தீட்டும் கல் சுழலும் ஒரு கிரைண்டர், ஓரத்தில் வெல்டிங், மொத்தம் இருபது முப்பது பேர். கோவை கணபதியிலும் குறிச்சியிலும் சென்னை அம்பத்தூரிலும் இப்படிப்பட்ட பட்டறைகள் நிறைய இருக்கின்றன. அங்கே சூப்பர்வைசராக இருப்பவருக்காகவும் முதலாளிக்காகவும் இதை எழுதுகிறேன். தனியாக ஒரு பாதுகாப்பு அதிகாரியை வைக்கும் அளவுக்குப் பெரிய இடமில்லை என்பதால், இந்த வேலையும் உங்கள் தலையில்தான் விழும்.

சில இடங்களில் வாசலிலேயே ‘விபத்தில்லா நாட்கள்’ என்று பலகை தொங்கும். நேற்று வரை என்ன நடக்கவில்லை என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். வேலைக்கு வர முடியாத அளவுக்கு ஒருவருக்கும் காயம் படாமல் 7 ஆண்டுகள் ஓட்டியதற்காக ஊழியர்களைப் பாராட்ட, கம்பெனி அதிகாரிகள் அன்றைக்குத்தான் அந்த மேடைக்கு வந்திருந்தார்கள். வழுக்கி விழுந்தவர்களை எண்ணினார்கள், அது சரிதான். ஆனால் கிணற்றுக்குள் இருந்த அழுத்தம் அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. அதனால் காயங்களை எண்ணுவதோடு நிற்காமல், காயத்தைத் தடுக்கும் பொருட்கள் ஒவ்வொன்றும் வேலை செய்கின்றனவா என்று போய்ப் பார்க்க வேண்டும்.

படி 1: சரக்கு போகும் வழியில் நடங்கள்

தகடு வண்டியிலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்கி, முடிந்த பொருள் பெட்டியில் ஏறும் இடம் வரை ஒரு நோட்டோடு நடந்து பாருங்கள். எங்கே கை மாட்டும், எது மேலே விழும், எது தீப்பிடிக்கும், எது மூச்சில் போகும் என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசித்து எழுதுங்கள். அப்புறம் மெஷினில் நிற்பவரிடமே கேளுங்கள்: “அண்ணே, இந்த மெஷின்ல உங்களுக்கு எது பயமா இருக்கு?” பீகார், ஒடிசாத் தம்பிகள் இருந்தால் அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தலையாட்டுவதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இணையத்தில் கிடைக்கும் நூறு கேள்விப் பட்டியல் வேண்டாம். உங்கள் பட்டறைக்கு என்று பதினைந்து வரி போதும். நூறு கேள்வி இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே டிக் போட்டுவிடுவார்கள்.

படி 2: தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லும்படி எழுதுங்கள்

‘கிரைண்டர் நல்ல நிலையில் உள்ளதா?’ என்று கேட்டால் எல்லா வாரமும் ‘ஆம்’ என்றுதான் வரும். அதையே இப்படி எழுதலாம்: ‘கல்லுக்கும் டூல் ரெஸ்ட்டுக்கும் (தீட்டும் பொருளைத் தாங்கும் தகடு) இடைவெளி 3 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா?’ கல் தேயத் தேய இந்த இடைவெளி பெரிதாகும். சின்னப் பொருளைப் பிடித்துத் தீட்டும்போது அது சந்துக்குள் இழுக்கப்பட்டு, கல்லே உடைந்து பறக்கலாம். மேலே இருக்கும் தடுப்புத் தகட்டுக்கும் கல்லுக்கும் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 3 மி.மீ., 6 மி.மீ. கனத்தில் இரண்டு தகட்டுத் துண்டுகளை வெட்டி கிரைண்டர் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள், யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். அளப்பதும் சரிசெய்வதும் கல் முழுதாக நின்ற பிறகுதான்.

புதுக் கல் மாட்டும்போது முதலில் அதைத் தட்டிக் கேளுங்கள். கல்லை விரலிலோ கம்பியிலோ தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால், நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். மொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, மாட்டாதீர்கள். கல்லின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம், மோட்டாரின் வேகத்தைவிடக் குறைவாக இருந்தாலும் அது உங்கள் கிரைண்டருக்கு ஆகாது.

படி 3: பவர் பிரஸ்ஸைத் தினமும் பாருங்கள்

மற்ற மெஷின்களுக்கு வாரம் ஒருமுறை போதும், பிரஸ்ஸுக்குப் போதாது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஷிஃப்ட் தொடங்கிய முதல் 4 மணி நேரத்துக்குள் பிரஸ்ஸின் தடுப்பைச் சோதித்து, அதற்கென்று நியமிக்கப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றினாலும் மறுபடி சோதனை உண்டு. நான் இன்னும் ஒரு படி மேலே போய், முதல் பீஸ் அடிப்பதற்கு முன்பே செய்யச் சொல்வேன்.

இரண்டு கை பட்டன் உள்ள பிரஸ் என்றால், ஒன்றை மட்டும் அழுத்திப் பாருங்கள், ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) அசையக் கூடாது. ஒரு பட்டனில் தீக்குச்சியோ கட்டுக்கம்பியோ சொருகி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். இருந்தால் திட்டுவதற்கு முன்னால் காரணத்தைக் கேளுங்கள். பீஸ் கணக்கை எட்ட வைத்ததா, பட்டன் எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் கம்பியை மட்டும் எடுத்தால், மறுநாள் அது திரும்ப வந்துவிடும்.

நம் ஊரில் இன்னும் ஓடும் பழைய கீ கிளட்ச் பிரஸ்களில் (சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலோடு ராமை ஒரு சாவித் துண்டு இணைக்கும் வகை) பெடலை மிதித்துவிட்டால் ராம் முழுச் சுற்று முடித்துத்தான் நிற்கும், நடுவில் நிறுத்த வழியில்லை. கை குறுக்கே வந்தால் நிறுத்தும் ஒளித்திரையை இதில் மாட்டிப் பயனில்லை. விரல் நுழைய முடியாத கூண்டுதான் நம்பகமான வழி. தகடு போகும் சந்தில் உங்கள் விரல் நுழைகிறதா என்று மெயின் சுவிட்சை அணைத்து, ஃப்ளைவீல் முழுதாக நின்ற பிறகு சோதியுங்கள். ஓடும் மெஷினில் தடுப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

படி 4: மற்றவை

இவற்றைச் சுற்றிவர அரை மணி நேரம் போதும். தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா, அதன் முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வகையில் முள் இருக்காது, அதை எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும் முன் ஆர்.சி.சி.பி.யின் (மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், சுவிட்ச் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் எலக்ட்ரீஷியன் வராமல் மெஷினை ஓட்டாதீர்கள். கேஸ் சிலிண்டர்கள் நிமிர்ந்து, சங்கிலியில் இருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படவே கூடாது, தீப்பிடிக்கும்.

படி 5: உடம்பையும் கவனியுங்கள்

காது கேட்காமல் போவது விபத்துப் பதிவேட்டில் வராது, அது வருஷக்கணக்கில் மெதுவாக நடக்கும். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அங்கே சத்தம் 85 டெசிபலை ஒட்டியோ தாண்டியோ இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். நம் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு வைத்த வரம்பு 90. அந்த இடத்தை முறையாக அளக்கச் சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனையும் வையுங்கள். லேத்காரர்களின் கைகளைப் பாருங்கள். விரலிடுக்கில் சிவப்பு, வெடிப்பு, அரிப்பு இருந்தால் கூலண்ட்டை (வெட்டும் இடத்தில் சூடு தணிக்க ஊற்றும் திரவம்) சந்தேகிக்க வேண்டும்.

படி 6: தப்பித்ததை எழுத வையுங்கள்

“பிரஸ் சில சமயம் ரெண்டு தடவை இறங்குதுண்ணே” என்று ஒருவர் டீ நேரத்தில் சொல்கிறார். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் இதைவிடப் பெரிய எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காது. கிளட்ச் கீயோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம். இரண்டாவது முறை இறங்கும்போது அவர் கை பீஸை எடுக்க உள்ளே போயிருக்கும். இதை நோட்டில் எழுதி வாரக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. மெயினை அணைத்துப் பூட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அவர் சொல்ல வேண்டுமென்றால், சொன்னவருக்குச் சம்பளமும் பிடிக்கக் கூடாது, பேச்சும் விழக் கூடாது. சொன்னதன் பேரில் என்ன செய்தோம் என்பதை மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் அவர் பெயரோடு சொல்லுங்கள். அவருக்கு அதில் சங்கடம் என்றால் பெயரை விட்டுவிடலாம்.

படி 7: எழுதியதை முடியுங்கள்

பெரும்பாலான பட்டறைகளில் இந்த முறை படுத்துவிடுவது இங்கேதான். குறை எழுதியிருக்கும், மூன்று மாதம் அப்படியே கிடக்கும். நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: குறை, யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள், முடிந்த தேதி, பார்த்தவர் கையெழுத்து. சரிசெய்தவரே ‘பார்த்தவர்’ ஆகக் கூடாது. ‘மெயின்டனன்ஸ்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள், ஆள் பெயர் வேண்டும்.

மாதக் கடைசியில் இரண்டு எண்ணைப் பாருங்கள்: நடத்த வேண்டிய சோதனைகளில் எத்தனை நடந்தன, கண்ட குறைகளில் எத்தனை தேதிக்குள் முடிந்தன. அடுத்தடுத்த மாதங்களில் ஒரே குறை திரும்ப வந்தால், ஆளை விட்டுவிட்டு மெஷினையும் வேலை முறையையும் பாருங்கள். தப்பித்த சம்பவங்கள் திடீரென்று பூஜ்யமானால் சந்தோஷப்படாமல், ஏன் சொல்வதை நிறுத்தினார்கள் என்று விசாரியுங்கள்.

புது டை, புது மெஷின், புது ஆள், தீபாவளிக்கு முந்தைய இரட்டை ஷிஃப்ட், இதில் எது வந்தாலும் வாரம் முடியும் வரை காத்திருக்காமல் அன்றே பட்டியலை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிடுங்கள்.