டெலஸ்கோப்பும் செல்போனும்: நிலாப் பள்ளங்களைப் படமெடுப்பது எப்படி?

முதலில் நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமி வேண்டவே வேண்டாம். அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இருக்காது. பள்ளங்கள் வெறும் வெள்ளைத் திட்டுகளாகத்தான் தெரியும். வளர்பிறை அஷ்டமி, நவமிதான் நல்ல நாட்கள். வெளிச்சமும் இருட்டும் சேரும் எல்லையை ஒட்டி டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்ஸாக்கெல் என்ற மூன்று பள்ளங்களும் வரிசையாக நிற்கும். டாலமேயஸ் சுமார் 150 கி.மீ. அகலம். அல்ஃபோன்சஸின் நடுவில் ஒரு சிறு மலை உண்டு. நாசாவின் ரேஞ்சர் 9 விண்கலம் 1965-இல் மோதியது இந்தப் பள்ளத்துக்குள்தான்.

என்னிடம் இருப்பது 6 இஞ்ச் டாப்சோனியன் (எளிய தாங்கியில் அமர்ந்த, குழியாடி வைத்த டெலஸ்கோப்). 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) தொடங்குங்கள், இன்னும் பெரிதாகக் காட்டும் 10 மி.மீ. அப்புறம். போனை ஐபீஸோடு பிடித்து நிறுத்தும் அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மூன்று திசையிலும் திருகி நகர்த்தும் வகையையே வாங்குங்கள்.

பலரும் திணறுவது போனைப் பொருத்துவதில்தான். இதைப் பகலிலேயே, சூரியன் இல்லாத திசையில், தூரத்து செல்போன் டவரைப் பார்த்துச் செய்துவிடுங்கள். திரையில் வெளிச்ச வட்டம் தெரியும். ஒரு பக்கம் மட்டும் பிறைபோல் கறுத்தால் லென்ஸ் பக்கவாட்டில் விலகியிருக்கிறது. வட்டம் சிறுத்துச் சுற்றிலும் இருண்டால் ஐபீஸுக்கும் போனுக்கும் உள்ள இடைவெளி தப்பு. அரை மி.மீ. நகர்த்தினாலே மாறும், அவசரப்படாமல் திருகுங்கள். சரியானதும் ஐபீஸோடு சேர்த்தே கழற்றி வையுங்கள்.

இரவில் திரையில் நிலாவை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டுங்கள். பிரகாசமான விளிம்பு சாம்பல் நிறமாகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். கேமராவில் புரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் வேகம் 1/125 நொடியில் ஆரம்பிக்கலாம்.

ஒற்றைப் படத்தைவிட வீடியோதான் என் தேர்வு. நிலா சுமார் 2 நிமிடத்தில் தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். அதனால் 30 நொடி போதும். பிப் (PIPP) மென்பொருளில் நிலாவை நடுவில் நிறுத்தி, ஆட்டோஸ்டாக்கர்ட் (AutoStakkert) மென்பொருளில் வீடியோவின் நல்ல ஃபிரேம்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். இரண்டும் இலவசம். பிறகு ரெஜிஸ்டாக்ஸ் (RegiStax) மென்பொருளில் கூர்மையாக்கும்போது பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு எழும்பினால் அங்கேயே நிறுத்துங்கள்.

மொட்டை மாடியைவிட மண் தரை மேல். பகல் முழுக்கக் காய்ந்த கான்கிரீட் விடும் சூட்டில் படம் நெளியும்.

பின்சேர்க்கை: ஜூம் செய்ததும் படம் திடீரென்று கறுக்கிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு மூன்று கேமரா உள்ள போன்கள் தாமாகவே வேறு லென்ஸுக்குத் தாவுவதால் வருவது அது. 1x-இலேயே எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளுங்கள்.