பாட்டு போட்டால் நீலத்திரை

கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோ கம்ப்யூட்டர். நாதஸ்வரப் பதிவை ஓடவிட்டால் இரண்டே நிமிடத்தில் விண்டோஸ் செயலிழந்து நீலத்திரை. சத்தமில்லாத வேலையென்றால் நாள் முழுக்கத் தாங்கும். ராம் (RAM) மெமரி மேல் பழி போடுமுன், அத்தியாவசியமானவை மட்டும் ஏறும் சேஃப் மோடில் ஏற்றிப் பார்த்தேன். அங்கே சவுண்டு டிரைவர், அதாவது ஒலிக் கருவியை இயக்கும் மென்பொருள், ஏறாது; கம்ப்யூட்டர் விழாமல் நின்றது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்த மினிடம்ப் கோப்பும் (செயலிழந்த நேரத்தின் சிறு பதிவு) ஆடியோ டிரைவரையே காட்டியது. பிழைக் குறியீடு டி1, அதாவது தொடக்கூடாத நேரத்தில் டிரைவர் மெமரியைத் தொட்டிருக்கிறது.

முதலில் நெட் கேபிளைப் பிடுங்கினேன். இல்லாவிட்டால் அப்டேட் அதே டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடும். பிறகு கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஆடியோவை அன்இன்ஸ்டால் செய்தேன். டிரைவரையும் சேர்த்து நீக்கும் பெட்டியில் டிக் போட வேண்டும்; பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ரீஸ்டார்ட் ஆனதும் விண்டோஸின் பொது ஆடியோ டிரைவர் தானாக ஏறியது. பழைய டிரைவரோடு இருந்த, ஒலியைச் சரிக்கட்டும் ஈக்வலைசர் போச்சு, போகட்டும். அதே பதிவு இரண்டு மணி நேரம் தடையில்லாமல் ஓடியது.