நெதர்லாந்தில் எரிவாயுக் கட்டணத்தை அடக்குவது எப்படி

வீட்டுச் சாவி கைக்கு வந்த அன்றே, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்னால், வாசலை ஒட்டிய மீட்டர் அலமாரியைத் திறந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். டச்சில் அதன் பெயர் மேட்டர்காஸ்ட். மின்சார மீட்டரில் 1.8.1 என்பது மலிவு நேரப் பயன்பாடு, 1.8.2 சாதாரண நேரப் பயன்பாடு. கூரையில் சூரியத் தகடு இருந்தால் 2.8.1, 2.8.2 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை நீங்கள் வெளியே அனுப்பிய மின்சாரம். எரிவாயு மீட்டரில் காற்புள்ளிக்கு முன்னால் இருப்பவை கன மீட்டர்கள். 2018 ஆகஸ்ட்டில் ஐந்தோவனில் இந்த வீட்டுக்கு வந்தபோது நான் எடுத்த படத்தில் என் கட்டைவிரல்தான் தெளிவாக இருந்தது.

அடுத்து வருவது மாதத் தவணை. அதை நம்பாதீர்கள். அது முன்பணம்தான், நீங்கள் எரித்ததற்கான விலை அல்ல. எங்களுக்கு முன்னால் இங்கே தனியாக வாழ்ந்த ஒருவரின் பயன்பாட்டை வைத்து எங்கள் தவணையைக் கணக்கிட்டிருந்தார்கள். நாங்கள் நான்கு பேர். எல்லா அறையிலும் 22 டிகிரி. 'பரவாயில்லையே, மலிவுதான்' என்று பத்து மாதம் மகிழ்ந்திருந்தோம். ஆண்டுக் கணக்கு வந்தபோது 780 யூரோ பாக்கி. நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை என்பது எனக்கு இரண்டு தொலைபேசி அழைப்புக்குப் பிறகுதான் உறைத்தது.

அன்றிலிருந்து ஞாயிறு காலை காபிக்கு முன் மீட்டர் எண்ணை ஒரு நோட்டில் எழுதுகிறேன். இங்கே வெப்பத் தேவையில் ஏறக்குறைய பாதி டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதங்களில் போய்விடும். ஆகவே ஜூலையின் எண்ணைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம், ஜனவரியின் எண்ணைப் பார்த்து அலறவும் வேண்டாம். சென்ற ஆண்டின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். எரிவாயுவையும் மின்சாரத்தையும் ஒரே தராசில் வைக்க வேண்டுமானால், ஒரு கன மீட்டர் வாயுவில் கிட்டத்தட்ட 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தில் ஒளியும் கருவிகளும் ஓடுகின்றன. வாயுவில் வீடே ஓடுகிறது. பெரும்பகுதி அறைகளைச் சூடாக்கவும், அடுத்தபடியாகக் குளியலுக்கும் போகிறது. சமையலுக்குப் போவது சொற்பம். அடுப்பைச் சிறிதாக வைக்கச் சொல்லி என் கணவர் ஒரு குளிர்காலம் முழுக்க என்னிடம் வாதாடியதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

வாயு ஏன் இவ்வளவு விலை? 1959-இல் க்ரோனிங்கன் மாகாணத்து ஸ்லொக்டரென் அருகே பெரும் வாயு வயலைக் கண்டுபிடித்த பின், நாட்டின் கொதிகலன்களும் அடுப்புகளும் நைட்ரஜன் அதிகம் கலந்த அந்த வாயுவுக்கு ஏற்றபடி மாறின. வாயுவை உறிஞ்ச உறிஞ்ச மேலே நிலம் அதிர்ந்தது. 2012-இல் ஹாயிசிங்கவில் 3.6 அளவில் ஒரு நடுக்கம். வீடுகள் விரிசல் விட்டன. 2023 அக்டோபர் 1 அன்று உற்பத்தி நின்றது. இப்போது பெரும்பாலும் நார்வேயின் குழாய் வாயுவும், கப்பலில் வரும் திரவ வாயுவும். நம் கொதிகலன்கள் பழைய வாயுவுக்குப் பழகியவை என்பதால், வெளியிலிருந்து வரும் இந்த வாயுவில் நைட்ரஜன் கலந்து அனுப்புகிறார்கள். இதன் மேல் ஒரு கன மீட்டருக்கு அரை யூரோவுக்கும் அதிகமாக வரி. மக்களை வாயுவிலிருந்து நகர்த்துவதுதான் அந்த வரியின் நோக்கம். ஆறுதலாக, வரிக்கழிவு என்று ஆண்டுக்கு 600 யூரோவுக்கு மேல் ஒவ்வொரு மின் இணைப்புக்கும் திரும்ப வருகிறது. பில்லில் கழித்தல் குறியோடு அது இருக்கிறதா பாருங்கள். கம்பியும் குழாயும் வைத்திருக்கும் நிறுவனத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் முகவரிதான் அதை முடிவு செய்கிறது.

இனி கொதிகலன். இங்கே சே-வே-கேட்டல் என்பார்கள். பெரும்பாலும் தொழிற்சாலையில் இருந்து வரும்போதே, அறைகளைச் சூடாக்கும் சுவர்த் தகடுகளான ரேடியேட்டர்களுக்குப் போகும் நீரை 80 டிகிரிக்குச் சூடாக்கும்படி வைத்திருப்பார்கள். ரேடியேட்டர் படம் போட்ட அமைப்பை 60-க்கு இறக்குங்கள். குளியல் நீருக்கான, குழாய் படம் போட்ட அமைப்பை 60-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும். ஏன் இறக்க வேண்டும் என்றால், ரேடியேட்டரிலிருந்து திரும்பி வரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து, தன் வெப்பத்தைக் கொதிகலனுக்குள்ளேயே விட்டுச் செல்லும். அதிகச் சூட்டில் அந்த வெப்பம் புகைபோக்கி வழியே தெருவுக்குப் போகிறது. வீடு மெதுவாகத்தான் சூடாகும், அரை மணி நேரம் பொறுங்கள். கடும் உறைபனி நாட்களில் அறை வேண்டிய சூட்டை எட்டவேயில்லை என்றால் 65, 70 என்று ஏற்றி, பிறகு மறக்காமல் இறக்குங்கள். நான் ஒருமுறை மார்ச் வரை மறந்துபோனேன்.

அறையின் சூட்டை அமைக்கும் தெர்மோஸ்டாட் பகலில் 19, இரவில் 15. தரைக்கடியில் வெப்பக் குழாய் உள்ள வீட்டில் இரவில் அவ்வளவு இறக்காதீர்கள். மறுபடி சூடாக நெடுநேரம் பிடிக்கும். கதவிடுக்குகளை அடைக்கலாம், ஜன்னல் மேல் இருக்கும் காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள். எங்கள் மகளின் அறையில் பூஞ்சை வந்தது அதனால்தான்.

ஒரே இடத்தில் சூடாக்கிய நீரைப் பகுதி முழுவதற்கும் குழாயில் அனுப்பும் ஏற்பாடு உள்ள குடியிருப்பு என்றால் கொதிகலனும் இல்லை, நிறுவனத்தை மாற்றும் வழியும் இல்லை. கணக்கு கிகாஜூல் என்ற வெப்ப அலகில் வரும்.

வாயுவும் மின்சாரமும் விற்கும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் எடுக்கும்போது, விலைகளை ஒப்பிடும் இணையதளம் ஊகித்துத் தரும் அளவை அழித்துவிட்டு, உங்கள் நோட்டில் உள்ள ஆண்டு அளவை எழுதுங்கள். வரியும் நிலைக்கட்டணமும் சேர்ந்த ஆண்டுத் தொகையை மட்டும் பாருங்கள். அன்பளிப்புத் தள்ளுபடியைக் கழித்து ஒருமுறை, கழிக்காமல் ஒருமுறை. வாயுவில் சூடாக்கும் வீட்டுக்கு நிலையான விலையே நிம்மதி என்பது என் கருத்து. மணிக்கு மணி மாறும் விலை, துணி துவைப்பதையும் கார் சார்ஜ் செய்வதையும் நகர்த்த முடிந்தவர்களுக்குப் பொருந்தும். நாளைய விலை இன்று பிற்பகலே தெரிந்துவிடும். வெயிலான வசந்தகால ஞாயிறு நண்பகலில் அது பூஜ்ஜியத்துக்கும் கீழே போவதுண்டு. சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் கொடுத்த மின்சாரத்தை எடுத்த மின்சாரத்தோடு நேர் செய்யும் சால்டேரென் சலுகை 2027 ஜனவரி 1-உடன் முடிகிறது. அதற்குள் சலவை இயந்திரத்தை நண்பகலுக்குப் பழக்கிவிடுங்கள். தொலைபேசியிலோ வாசலிலோ ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்னர் மனம் மாறினால், 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம்.